மோட்டார் இறக்கும் முன் படித்துக்கொள்

பட்டுக்கோட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். புது வீட்டுக்கு நீ வாங்கி அனுப்பிய சோலார் கொட்டேஷனை வரி வரியாகப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழும், பாதி விட்டுப்போகும். அதனால்தான் எழுதுகிறேன். எலெக்ட்ரீஷியன் வரும் நாளில் இதைக் கையில் வைத்துக்கொள்.

போர்வெல் மோட்டார் வெயிலில் ஓட வேண்டும், வெயில் இல்லாவிட்டால் இ.பி. லைனில் ஓட வேண்டும் என்கிறாய். சரியான ஆசைதான் பாப்பா. ஆனால் கரண்ட் பில் குறையும் என்று நினைத்து இதைச் செய்யாதே. உன் போரில் நீர்மட்டம் 150 அடி என்று வைத்துக்கொண்டால், அங்கிருந்து மாடித் தொட்டிவரை 1,000 லிட்டர் ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட்தான் பிடிக்கும். உங்கள் நாலு பேருக்கு ஒரு நாளைக்கு அதற்கு மேல் தண்ணீர் தேவைப்படாது. மோட்டாருக்கு மட்டும் பேனல் போட்டால் போட்ட காசு திரும்பவே திரும்பாது. இது கரண்ட் இல்லாத நாளுக்காகச் செய்கிற காரியம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துப் போனபின் நம் தெருவில் டிராக்டரில் ஜெனரேட்டர் ஏற்றி வந்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வீடு வீடாகத் தொட்டி நிரப்பினார்கள், நீயும் பார்த்தாய். கிணற்றில் தண்ணீர் கிடந்தது, ஏற்றத்தான் வழியில்லை. புதுக்கோட்டைப் பக்கமும் அதே கதைதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். கொட்டேஷனில் முதல் பக்கத்தில் இருக்கிற ஆன்-கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் இ.பி. லைனோடு சேர்ந்து ஓடுவது, இ.பி. கரண்ட் போனால் தானும் நின்றுவிடும், நல்ல உச்சி வெயிலாக இருந்தாலும். அது பழுதல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லைனில் கரண்ட் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர்மேல் உன் மாடியிலிருந்து கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக. அதனால் ஆன்-கிரிட் மட்டும் போட்டால் பில் குறையும், புயல் நாளில் தொட்டி காலியாகத்தான் கிடக்கும். விற்க வருகிறவர்கள் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

இரண்டாம் பக்கத்தில் 5 கிலோவாட் ஹைபிரிட், அதாவது பேனல், இ.பி., பேட்டரி மூன்றையும் சேர்த்து ஓட்டுவது, கூடவே பெரிய லித்தியம் பேட்டரி. அது வேலை செய்யும், ஆனால் உனக்கு அவ்வளவு தேவையில்லை. ஏன் அவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார் தெரியுமா? மோட்டாரைப் பார்த்துத்தான். 1 எச்.பி. என்றால் 746 வாட். தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சிங்கிள் பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார் ஓடும்போது லைனில் 1,100, 1,200 வாட் இழுக்கும், 7 ஆம்பியருக்குப் பக்கம். ஆனால் கிளம்பும் அந்த ஒரு நொடியில் அதைப்போல் நாலு மடங்கு, ஐந்து மடங்கு கேட்கும். நிலையிலிருந்து தேரைக் கிளப்பத்தான் ஊரே கை வைக்க வேண்டும், உருளத் தொடங்கிவிட்டால் பாதி ஆள் போதும். அந்த ஒரு நொடிக்காகத்தான் உன்னிடம் 5 கிலோவாட் விற்கப் பார்க்கிறார்கள்.

நீ இன்னும் மோட்டார் வாங்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. சிங்கிள் பேஸ் மோட்டார் வாங்காதே. 230 வோல்ட்டுக்குச் சுற்றிய 1 எச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் வாங்கு. அதற்கு முன்னால் ஒரு வி.எப்.டி. டிரைவ் போடு, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி அது, சிங்கிள் பேஸ் உள்ளே வந்து த்ரீ பேஸ் வெளியே போகிற வகை. மோட்டாரின் ஆம்பியரைவிட ஒரு அளவு கூடுதலாக எடு. டிரைவ் மோட்டாரைப் பூஜ்யத்திலிருந்து ஏற்றிக் கொண்டுபோவதால் அந்த முதல் இழுப்பே வராது. 3 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் சின்ன பேட்டரியும் தாராளமாகத் தாங்கும். வெயில் இருந்தால் பேனலிலிருந்து எடுக்கும், குறைந்தால் இ.பி.யிலிருந்து தானே சேர்த்துக்கொள்ளும், இ.பி. போனால் லைனை அறுத்துவிட்டு வீட்டை மட்டும் ஓட்டும். மோட்டார் ஓடாத நேரத்தில் அதே பேனல் மின்விசிறி, பிரிட்ஜுக்கெல்லாம் உதவும். நல்ல வெயிலில் 3 கிலோவாட் ஒரு நாளைக்கு 12 யூனிட் தரும், அதில் மோட்டார் தின்பது அரை யூனிட். இன்னொன்று, த்ரீ பேஸ் மோட்டாரில், மோட்டாரைக் கிளப்பிவிடும் கப்பாசிட்டர் பெட்டி கிடையாது. என் பட்டறைக்கு வரும் சிங்கிள் பேஸ் மோட்டார்களில் நிறைய அந்தப் பெட்டியில் கோளாறாகித்தான் கம்பிச் சுற்று கருகி வருகின்றன.

சிலர் பேனலிலிருந்து நேரே ஓடும் சோலார் பம்ப் போடச் சொல்வார்கள். தோட்டத்துக்கு அது மிக நல்லது, காலையிலிருந்து மாலைவரை இறைக்கலாம். உன் வீட்டுத் தொட்டி அரை மணியில் நிரம்பிவிடும், மீதி நாள் முழுக்கப் பேனல் சும்மா கிடக்கும்.

டிரைவ் அமைக்கும்போது நீ பக்கத்தில் நிற்க வேண்டும். "மெதுவாக ஓடட்டும், கரண்ட் மிச்சம்" என்று டிரைவில் ஹெர்ட்ஸைக் குறைத்து வைத்துவிட்டுப் போவார்கள், ஹெர்ட்ஸ் குறைந்தால் மோட்டாரின் சுற்றும் குறையும். விடாதே. சுற்று குறைந்தால் தண்ணீர் ஏறும் உயரம் அதைவிட வேகமாகக் குறையும். 50 ஹெர்ட்ஸில் 80 மீட்டர் ஏற்றும் பம்ப், 40 ஹெர்ட்ஸில் 51 மீட்டர்தான் ஏற்றும். உன் வீட்டில் நீர்மட்டமும் மாடியும் சேர்ந்து 55 மீட்டர். மோட்டார் சுற்றிக்கொண்டிருக்கும், தொட்டியில் சொட்டும் விழாது, தண்ணீர் ஓட்டம் இல்லாமல் மோட்டாரும் சூடேறும்.

கிளம்புவதையும் மிக மெதுவாக வைக்கக் கூடாது. மோட்டாரின் அடியில் த்ரஸ்ட் பேரிங் என்று ஒன்று இருக்கிறது, பம்பின் பாரமெல்லாம் அதன்மேல்தான். வேகமாகச் சுற்றும்போது அதிலுள்ள கார்பனுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் உண்டாகி இரண்டும் தொடாமல் ஓடும். மெதுவாகச் சுற்றினால் படலம் வராது, உரசும். அப்படிக் கெட்ட மோட்டாரைக் கழற்றினால் கார்பனில் வட்ட வட்டமாகக் கீறல் இருக்கும், விரலால் தடவினால் கரி ஒட்டும். அதனால் முதல் 30 ஹெர்ட்ஸை ஒரு நொடிக்குள் தாண்டிவிட வேண்டும். அதன்பின் 50 வரை நிதானமாக ஏறலாம். போரில் தண்ணீர் இறங்கினால் தானே நிற்கும் டிரை ரன் பாதுகாப்பையும் போடச் சொல்.

தொட்டியை 1,000 லிட்டரோடு நிறுத்தாதே, 2,000 வை. தூணும் தளமும் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று மேஸ்திரியிடம் இப்போதே கேட்டுவிடு. பேட்டரிக்குப் போடும் காசில் ஒரு பங்கைத் தொட்டியில் போட்டால் பல வருடம் கெடாமல் இருக்கும். காலை 11 மணிக்குத் தானே ஓடும்படி டைமர் வைத்துவிடு.

பேனலைத் தெற்குப் பார்க்கப் போடச் சொல், உங்கள் ஊருக்கு 10, 12 டிகிரி சாய்வு போதும். உயரமாகத் தூக்கிக் கட்டிக் கீழே நிழல் பண்ணலாம் என்று ஆசைப்படாதே, காற்று அடியில் புகுந்து தூக்கிவிடும். ஆறு பேனலை வரிசையாகச் சேர்த்தால் 300 வோல்ட் டி.சி. நிற்கும். ஏ.சி. நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வருவதால் சுவிட்சில் பொறி அணைந்துவிடும், டி.சி.யில் அந்தப் பொறி தொடர்ந்து எரியும். ஆகவே பேனல் பக்கத்தில் போடும் எம்.சி.பி., அதாவது கோளாறு வந்தால் தானே விழும் சுவிட்ச், டி.சி. என்று அச்சிட்டதாகத்தான் இருக்க வேண்டும், நீயே வாசித்துப் பார். எர்த் குழியும், மின்னலால் ஒயரில் பாயும் அதிக வோல்ட்டைத் தடுக்கும் எஸ்.பி.டி.யும் இல்லாமல் காசைக் கொடுக்காதே.

ஜெனரேட்டர் இணைக்க ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வை. பேஸும் நியூட்ரலும் இரண்டுமே மாறுகிற வகை. கஜாவின்போது வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அந்த நேரத்திலும் சிலர் ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் சொருகினார்கள். இன்னொரு வீட்டுப் பிள்ளை கம்பத்தில் இருக்கிறான் என்பதை நினைக்கவில்லை. நம் வீட்டில் அது நடக்கவே கூடாது.

மானியத்தை விட்டுவிடாதே. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். இ.பி.யோடு சேர்ந்த அமைப்புக்குத்தான் தருவார்கள், தனித்து நிற்பதற்குக் கிடையாது. ஹைபிரிட்டுக்கு விண்ணப்பிக்கும் முன் மின்வாரிய அலுவலகத்தில் மாப்பிள்ளையை நேரில் கேட்டு வரச் சொல்.

போரில் இப்போது நீர்மட்டம் எத்தனை அடி, ஒரு மணி நேரம் இறைத்தபின் எத்தனை அடிக்கு இறங்குகிறது, இந்த இரண்டையும் அளந்து எழுதி அனுப்பு. அதைப் பார்த்துத்தான் பம்ப் எத்தனை ஸ்டேஜ், அதாவது உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரம் எத்தனை அடுக்கு என்று சொல்ல முடியும். அதுவரை எதற்கும் முன்பணம் கொடுக்காதே. மோட்டார் இறக்கும் நாளில் அம்மாவும் நானும் வந்துவிடுகிறோம். கேபிள் ஜாயின்ட்டை நானே போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அப்பா