வளையாத பீமையும் சந்தேகப்படுங்கள்: தீக்குப் பிறகு கட்டடத்தைத் திறக்க அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். எஃகுச் சட்டகத்தில் எழும்பிய கட்டடம் ஒன்றில் தீ அணைந்த சில நாட்களில் உங்கள் மேசைக்கு ஓர் அறிக்கை வரும். கரி படிந்த பீம்களின் படங்கள், வளைந்தவற்றின் பட்டியல், கடைசியில் ‘மற்றவை நல்ல நிலையில் உள்ளன’ என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

இரும்பு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டுமே, சாதாரணத் தீ அவ்வளவு போகாதே என்று வாதாடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உருக வேண்டிய அவசியமே இல்லை. 400 டிகிரி வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும் எஃகு, 600 டிகிரியில் பாதி பலத்தையும் இழந்துவிடும். 800-இல் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். நீங்கள் அறிந்ததுதான், தீத்தடுப்புப் பூச்சைக் கட்டாயமாக்கியிருப்பதே இதற்காகத்தானே.

நம் கவனம் அதிகம் படாதது நீட்சி. 10 மீட்டர் பீம் ஒன்று 500 டிகிரி சூடேறினால் 60 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரு பக்கமும் தூண்கள் இறுக்கிப் பிடித்திருக்க, அந்த நீளம் எங்கே போகும்? பக்கத்தில் இருப்பதைத் தள்ளும், இல்லையென்றால் தானே நசுங்கித் தொங்கும். 2001-இல் நியூயார்க்கில் விழுந்த 47 மாடி உலக வர்த்தக மையம் 7-இல், சூட்டில் நீண்ட தரை பீம்கள் ஒரு முக்கிய உத்திரத்தை, தூணில் அது அமர்ந்திருந்த இருக்கையிலிருந்தே நகர்த்திவிட்டன என்பதுதான் அரசு விசாரணையின் முடிவு.

தீ தணிந்ததும் கதை திரும்புகிறது. நசுங்கிய பீம் ஆறும்போது சுருங்கும். பழைய நீளத்துக்கும் குறைவாக வர முயலும். இத்தனை நேரம் தள்ளிக்கொண்டிருந்த முனை இப்போது இழுக்கும். தள்ளுவதைத் தாங்கிய போல்ட்டும் வெல்டும், பீமின் முனையைத் தூணோடு இணைக்கும் முனைத்தகடும் இந்த இழுப்பில் அறுந்துபோகலாம். பிரிட்டனின் கார்டிங்டனில் 1990-களில் எட்டு மாடிச் சட்டகம் ஒன்றைக் கட்டித் தீ வைத்துப் பார்த்தார்கள். பூச்சில்லாத பீம்கள் 900 டிகிரியைத் தாண்டியும் தளம் விழவில்லை. கான்கிரீட் தளமே சவ்வுபோல் விரிந்து பாரத்தை ஏந்திக்கொண்டது. ஆனால் ஆறும் கட்டத்தில் சில முனைத்தகடுகள் கிழிந்திருந்தன. தீயணைப்பு வீரர்கள் ‘முடிந்தது’ என்று மூச்சுவிடும் நேரம் அது.

போல்ட்டுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ‘8.8 தரம்’ எனப்படும் உயர்பலப் போல்ட்டின் பலம் அதைச் சுட்டுக் குளிர்வித்துப் பதப்படுத்தியதால் வந்தது. ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் சூடாகியிருந்தால், ஆறிய பிறகும் அந்தப் பலம் முழுதாகத் திரும்பாது. பார்வைக்கு மட்டும் ஒரு குறையும் தெரியாது.

அதற்காக எல்லாவற்றையும் இடித்துத் தள்ளச் சொல்லவில்லை. அதுவும் அவசரப் புத்திதான். சூடாக உருட்டிச் செய்த சாதாரண பீமும் தூணும், நேராகவே நின்றிருந்தால், பெரும்பாலும் ஆறியதும் பழைய பலத்துக்குத் திரும்பிவிடும். 1990-இல் லண்டன் பிராட்கேட்டில் கட்டுமானத்தில் இருந்த 14 மாடிக் கட்டடம் எரிந்தபோது சில தூண்கள் 100 மில்லிமீட்டர் அளவுக்குக் குறுகியும் கட்டடம் விழவில்லை. கெட்ட பகுதிகளை மாற்றிச் சீரமைத்தார்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். தீப்பட்ட பகுதியின் இணைப்புகளில் பூச்சையும் உறைப் பலகையையும் அகற்றிப் பார்த்தார்களா என்று அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சில போல்ட்டுகளைக் கழற்றிக் கடினத்தன்மைச் சோதனைக்கு அனுப்பிய முடிவைக் கேளுங்கள். இழுப்பு தீப்பட்ட அறையோடு நிற்பதில்லை என்பதால் அடுத்த அறையின் இணைப்புகளும் அதில் இடம்பெற வேண்டும். சூடுபட்டால் உப்பி எஃகைக் காக்கும் வகைப் பூச்சு, ஒருமுறை உப்பிவிட்டால் அடுத்த தீக்கு உதவாது. அதைச் சுரண்டிப் புதிதாய்ப் பூசாமல் அனுமதி கேட்டு வரும் கோப்பைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர்