வடக்குப் பக்கம்னா வருஷம் பூரா நிழல் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். போன ஞாயித்துக்கெழம இணைப்புல நிழல்ல வளர்ற செடிகள் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், படமெல்லாம் அருமை, ஆனா வீட்டோட வடக்குப் பக்கம் எப்பவும் நிழலாத்தான் இருக்கும், அங்க அக்லோனிமா, பீஸ் லில்லி, பெரணின்னு அழகுச் செடியெல்லாம் தைரியமா வைக்கலாம்னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த லெட்டர். லண்டன்ல இருக்குறவங்களுக்கு அது பெரும்பாலும் சரி. திருச்சிக்கு செல்லாது.

நம்ம ஊரு பூமத்திய ரேகையில இருந்து கிட்டத்தட்ட 11 டிகிரி வடக்கதான் இருக்கு. சித்திரை பொறந்து நாலஞ்சு நாள்லயே சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்து வடக்க தாண்டிடும், திரும்பி தெக்க வர்றதுக்கு ஆவணி பொறந்து ஒரு வாரம் ஆகிடும். நடுவுல இருக்குற நாலு மாசம், அக்னி நட்சத்திரம் உட்பட, வெயில் வாங்குறது அந்த வடக்கு சந்துதான். மார்கழி மத்தியானத்துல 20 அடி ஒசர வீட்டு நிழல் வடக்கால 13 அடிக்கு மேல விழும், அத பாத்துட்டு சனங்க நிழல் நிழல்னு செடி வாங்கிடுறாங்க, ஆனி மாசம் மத்தியானம் அதே எடத்துல போய் நின்னா நிழல்னு ஒண்ணு மருந்துக்கும் இருக்காது.

எங்க பக்கத்து வீட்டுல இதேதான் நடந்துச்சு. பொங்கல் சமயத்துல நர்சரியில இருந்து செடி வந்து எறங்குச்சு, அங்க எல்லாத்தையும் பச்ச ஷேட் நெட்டுக்குள்ள வச்சு வளர்த்திருப்பாங்க, பளபளன்னு இருந்துச்சு. மே மாசம் பாத்தா அக்லோனிமா எலையோட நடுவுல வெள்ளையா, தொட்டா காகிதம் மாதிரி மொறமொறன்னு திட்டு. ஓரத்துல இல்ல, நடுவுல, அது வெயில் சுட்ட அடையாளம். ஆனா அந்தம்மா தண்ணி பத்தலன்னு நெனச்சு காலைல ஒரு வாளி சாயந்தரம் ஒரு வாளின்னு ஊத்த, வேர் அழுகி ஒரே மாசத்துல எல்லாம் காலி. நிழல் செடிக்கு வெரல விட்டுப் பாத்து மண்ணு உள்ள காஞ்சிருந்தா மட்டும்தான் தண்ணி ஊத்தணும், இத நர்சரிக்காரங்க யாரும் சொல்லி அனுப்புறதில்ல.

அப்ப வடக்குல என்னதான் வைக்கிறது? மொதல்ல நிழல உண்டாக்குங்க. காம்பவுண்ட் சுவர் ஓரமா, சுவர ஒட்டாம ரெண்டு மூணு அடி தள்ளி நந்தியாவட்டை, எடம் இருந்தா பவளமல்லி. ரெண்டும் ஆள் ஒசரத்துக்கு மேல வரும், வெயிலயும் தாங்கும் அரை நிழலயும் தாங்கும். அதுக்கும் வீட்டுச் சுவத்துக்கும் நடுவுல எலை வழியா சலிச்சு விழுற வெளிச்சத்துல கனகாம்பரம், தவசிக்கீரை, மஞ்சள், ஒரு கம்பு நட்டு வெத்தலக் கொடி, இதெல்லாம் சுகமா வரும். கனகாம்பரம் நம்ம மண்ணோட சொந்தச் செடி, காஞ்ச காய் மேல தண்ணி பட்டா பட்டுனு வெடிச்சு வெதை தானா தெறிக்கும், ஒரு செடி வச்சா போதும், அடுத்த மழைக்கு அங்கங்க நாத்து நிக்கும். தவசிக்கீரைக்கு வெதையெல்லாம் தேட வேணாம், போத்து ஒடிச்சு நட்டாலே வேர் புடிச்சிடும் (ஒரு விஷயம், அத சமைச்சுத்தான் சாப்புடணும், தைவான்ல 1990கள்ல ஒடம்பு எளைக்கும்னு பச்சையா ஜூஸ் அடிச்சு குடிச்சவங்களுக்கு நுரையீரலே கெட்டுப்போச்சு). இந்தச் செடிங்கள புரட்டாசி கடைசி, ஐப்பசியில நட்டா மழையே பாத்துக்கும், சித்திரைக்குள்ள ஓரளவு ஒசந்துடும்.

மாமரத்தடி, வேப்பமரத்தடி கதை வேற. அங்க நிழல் வருஷம் பூரா உண்டு, ஆனா மண்ணுல உள்ள ஈரத்த மரமே உறிஞ்சிடும், குழி வெட்டப் போனா வேர்தான் தட்டும். அங்க தொட்டிதான் சரி. செம்மண்ணு, தேங்கா நார்க்கழிவு, மக்குன தொழு உரம், ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. பாம்புச் செடி, சிங்கோனியம், பெரணி, நீங்க சொன்ன அக்லோனிமாவும் அங்கதான் நிக்கும். சிங்கோனியம், அக்லோனிமா எலைய கடிச்சாலும் வாய் எரியும், ஆனா டைபன்பேக்கியா கொழந்தைங்க, நாய் பூனை உள்ள வீட்டுல வேணவே வேணாம், எலைய கடிச்சா வாயும் நாக்கும் வீங்கிடும். கட்டுரையில அது படத்தோட வந்திருக்கு, எச்சரிக்கை ஒரு வரி கூட இல்ல.

குரோட்டன்ஸும் இட்லிப்பூவும் அந்த லிஸ்ட்ல எப்படி சேர்ந்துச்சுன்னே தெரியல. நல்ல நிழல்ல குரோட்டன்ஸ் கலரெல்லாம் போய் வெறும் பச்சையா நிக்கும், இட்லிப்பூ எலைய மட்டும் காட்டும், பூக்காது. இட்லிப்பூவுக்கு கிழக்குப் பக்கத்து காலை வெயில் போதும், ஆனா காரத்தன்மை கூடுன உப்பு போர் தண்ணி ஊத்துனா எலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், மண்ணுல இரும்புச்சத்து இருந்தாலும் செடியால எடுத்துக்க முடியாம போறதுதான் அதுக்கு காரணம். மழைத்தண்ணி புடிச்சு வச்சு ஊத்துங்க.

அடுத்த தடவ தோட்டக் கட்டுரை போடும்போது எந்த மாசத்துல வீட்டோட எந்தப் பக்கம் வெயில் விழும்னு ஒரு சின்ன படம் சேத்துப் போடுங்க, முடிஞ்சா சென்னைக்கு தனியா, கன்னியாகுமரிக்கு தனியா.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தில்லைநகர், திருச்சி.