கதவில் ஒட்டிய தாள்: பல்கலைக்கழக நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர் வட்டாரத்துப் பல்கலைக்கழக நூலகர்களுக்கும் நூலகக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் குடியாத்தத்துக்காரி. அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளர். பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் ஓடிக்கொண்டிருக்கிறது. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரைக் கிணறுகள் எப்படி மாறின, ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட காலம் போய்க் குரோமிய உப்பு வந்தபின் அந்தத் தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் தலைப்பு. வாரத்தில் எனக்கு வகுப்பில்லாத நாள் வியாழன் ஒன்றுதான். அப்படிப்பட்ட வியாழன் ஒன்று வீணாய்ப் போனதால்தான் இந்த மடல்.

காலை ஏழு மணிக்குக் குடியாத்தத்தில் பஸ் ஏறி, பள்ளிகொண்டா வழியாக வேலூர்ப் புதிய பஸ் நிலையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் வாசலில் போய் நின்றபோது மணி ஒன்பதரை. குறிப்புதவிப் பிரிவின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இருப்புச் சரிபார்ப்பு நடப்பதால் பத்து நாள்களுக்கு அப்பிரிவு இயங்காதாம். கீழே கையொப்பம், முத்திரை, தேதி. தேதி நான்கு நாள் முந்தையது. நான்கு நாளாக அந்தச் செய்தி அந்தக் கதவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

காவலாளி நல்ல மனிதர். போன் செய்துவிட்டு வந்திருக்கலாமே அம்மா என்றார். செய்திருந்தேன், முந்தைய நாள் மூன்று முறை. மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். அந்தப் போன் பூட்டிய அறைக்குள் இருக்கிறது என்று அவரே விளக்கமும் சொன்னார்.

எந்தப் பல்கலைக்கழகம் என்று எழுதப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. தவிரவும், இன்னும் பல தாள்களில் பலருடைய கையொப்பம் எனக்குத் தேவைப்படுகிறது.

நான் தேடிப் போனது வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை. ஆர்தர் காக்ஸ் தொகுத்து 1881-இல் வெளிவந்தது. ஆற்று மணலுக்கடியில் ஊறும் நீரைக் கொண்டுபோகும் பாலாற்று ஊற்றுக்கால்வாய்களைப் பற்றி அந்தக் காலத்து அதிகாரி என்ன எழுதி வைத்தார் என்று பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் என் கைக்கு வந்த மின்பிரதியில் மடிப்புத் தாள்களை மடித்தபடியே படமெடுத்திருந்தார்கள். எனக்கு வேண்டிய அட்டவணை மடிப்புக்குள் இருக்கிறது. அதை விரித்துப் பார்க்க அச்சுப் புத்தகமே வேண்டும், அதற்கு ஒரு திறந்த அறை வேண்டும்.

இருப்புச் சரிபார்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. செய்யத்தான் வேண்டும். ஒரு புத்தகம் தவறான அடுக்கில் போய் உட்கார்ந்தால் அது தொலைந்ததற்குச் சமம் என்று எனக்கும் தெரியும். அதை ஒற்றைத் தற்காலிகப் பணியாளர் தூசியில் தும்மிக்கொண்டே செய்கிறார் என்பதும் தெரியும். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எனக்குப் புரியாதது வேறு: எதைச் செய்தி என்று நினைக்கிறீர்கள்?

அன்று வராந்தாவில் உட்கார்ந்து உங்கள் செய்தி மடலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். படிக்கத் திறந்திருந்தது அது ஒன்றுதான். எட்டுப் பக்கம், வழவழப்பான தாள். பத்தொன்பது புகைப்படங்கள், அவற்றில் பதினான்கில் யாரோ யாருக்கோ பொன்னாடை போர்த்துகிறார்கள். குத்துவிளக்கு ஏற்றியவர், முன்னிலை வகித்தவர், வாழ்த்துரை வழங்கியவர், நன்றி நவின்றவர் எல்லார் பெயரும் பட்டங்களோடு இருக்கிறது. அந்தக் காலாண்டில் என்ன புத்தகம் வந்தது என்பது ஒரு வரிகூட இல்லை. எது மூடப்படும், எது திறக்கும், யாரைக் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. மூன்று மாதம் ஒரு நூலகம் இயங்கியிருக்கிறது, ஆனால் அதன் செய்தி மடலில் புத்தகம் என்ற பொருள், விருந்தினர் கையில் நினைவுப் பரிசாக மட்டுமே தென்படுகிறது.

ஒரு முழுப்பக்கம் ஆகஸ்டு 12 விழாவுக்கு. நூலகர் தினம். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீர்காழி இரங்கநாதனின் படத்துக்கு ரோஜா மாலை. நல்லது. மாநிலக் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். நம் வட ஆர்க்காட்டுக் கல்லூரிகள் அந்தக் காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தோடுதான் இணைந்திருந்தன. ஆகவே அவர் நமக்கும் நூலகர்தான். 1931-இல் நூலகங்களுக்கென்று அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மாலை போடும்போது அந்தப் படத்தைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சம் வந்திருக்க வேண்டாமா? அதே 1931-இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் ஒரு நடமாடும் நூலகம் புறப்பட்டது. வண்டி என்றைக்கு வரும் என்று ஊராருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு பஸ் கட்டணமும் ஒரு வியாழனும் போனது சின்ன நட்டம். பெரிய நட்டத்தைச் சொல்கிறேன்.

1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை நீங்கள் அறிவீர்கள். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு. தோல் ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்ததைப் பற்றியது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்றதில் நம் ஆற்றங்கரை வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. அதன்பின் இந்தத் தண்ணீரைப் பற்றி வெளிநாட்டு ஆய்விதழ்களிலும் கட்டுரைகள் வந்தன. அவற்றில் ஒன்றைத் திறக்கப் போனேன், 30 டாலருக்கு மேல் கேட்டது. நம் கிணற்றிலிருந்து எடுத்த தண்ணீரைப் பற்றிய கட்டுரையை நாமே படிக்க அந்த விலை. பணத்தைக் கட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கௌரவ விரிவுரையாளருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதை இங்கே எழுதி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

அப்போதுதான் தஞ்சாவூரில் ஆய்வு செய்யும் தோழி ஒருத்தி, ஏன் காசு கட்டுகிறாய், ஒரே நாடு ஒரே சந்தாவில் பார்த்தாயா என்று கேட்டாள். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் 13,000-ஐ ஒட்டிய மின்னிதழ்கள். 6,300-க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருக்கும் சுமார் 1.8 கோடிப் பேர் படிக்கலாம். பல்கலைக்கழக நூலகங்களை இணையத்தால் இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்ஃபிளிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. 6,000 கோடியைச் செலவழித்து வாங்கிய கதவு திறந்து கிடக்க, நான் 30 டாலருக்கு வழி தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்லூரிக்குப் போய் விசாரித்தேன். சுற்றறிக்கை வந்ததாம். ஆங்கிலத்தில் நான்கு பக்கம், சாய்வாக ஸ்கேன் செய்தது. வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் நடுவில் அது எப்போதோ நழுவிப் போயிருந்தது. எங்கள் துறையில் ஒருவர்கூட அதைத் திறந்ததில்லை. தோண்டி எடுத்துப் படித்தேன். யாருக்குத் தகுதி, எந்த விதியின்கீழ் என்றெல்லாம் இருந்தது. நான் எப்படி நுழைவது என்பது இல்லை. வளாகத்தின் இணைப்பில் மட்டும்தான் திறக்குமா, குடியாத்தத்து வீட்டில் இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தால் திறக்குமா? பகுதி நேர ஆய்வாளருக்கு இந்தக் கேள்வியைவிடப் பெரியது வேறு கிடையாது. தோழிதான் போனில் ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கணக்குத் தொடங்க வைத்தாள். மூன்றாண்டுத் திட்டம் இது. அதில் எத்தனை மாதத்தை நாங்கள் தெரியாமலே கழித்தோம் என்று எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை.

இது செய்தியா இல்லையா? பொன்னாடைக்குப் பதினான்கு படம் போட இடமிருந்த மடலில் இதற்கு நான்கு வரி இடமில்லையா?

ஆய்வேடுகள் விஷயமும் இப்படித்தான். ஏற்றுக்கொள்ளப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்பிரதி, சோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற வேண்டும் என்பது 2009-இலிருந்தே வரும் பல்கலைக்கழக மானியக் குழு விதி. பழைய ஆய்வேடுகள் பல இன்னும் இரும்பு அலமாரியில்தான். பாலாற்றுக் கிணறுகளைப் பற்றியே எனக்கு முன்பு ஒருவர் ஆய்வு செய்து முடித்திருக்கிறார் என்பதைத் தேநீர்க் கடைப் பேச்சில் அறிந்தேன். ஒரு வருட வேலையை நான் மறுபடி செய்திருப்பேன்.

எங்கள் ஊருக்கு அடுத்த கிராமத்தில் ஓர் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. ஓட்டு வீடு, ஒரு மின்விசிறி, இரண்டு பெஞ்சு. வாசலில் ஒரு கரும்பலகை. புதிதாக வந்த புத்தகங்களின் பெயரை நூலகர் சாக்பீஸால் எழுதி வைக்கிறார். நாளை மறுநாள் ஆய்வுக் கூட்டத்துக்குப் போகிறேன், நூலகம் மாலையில்தான் திறக்கும் என்று ஒருமுறை எழுதியிருந்தார். கீழே போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசித் தேதி. மொத்தம் ஏழு வரி. ஊரில் எல்லாரும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைப் படித்துவிடுகிறார்கள். சொத்துவரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியில் ஓடும் இடம் அது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் வந்தது 1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில்தான் என்பதை நீங்கள் மேடைதோறும் சொல்கிறீர்கள். அந்தப் பெருமையில் எனக்குக் கண்ணில் பட்டது அந்தக் கரும்பலகைதான்.

ஆகவே செயலி வேண்டாம், புதிய இணையதளம் வேண்டாம், அதற்கொரு தொடக்க விழாவும் தயவுசெய்து வேண்டாம். வாரம் ஒருமுறை, பத்து வரி, தமிழில் போதும். எது மூடியிருக்கும், எந்தத் தேதி வரை. என்ன வந்தது. எந்தத் தரவுத்தளம் புதிதாகத் திறந்திருக்கிறது, வீட்டிலிருந்து எப்படி நுழைவது. எந்த ஆய்வேடு ஏறியிருக்கிறது. யாருக்குப் போன் செய்தால் எடுப்பார்கள். அதை இணைவுக் கல்லூரிகளுக்கு அனுப்பினால், எங்கள் கல்லூரிப் பலகையில் நானே எழுதிப் போடுகிறேன். சாக்பீஸ் என் செலவு.

விருந்தினர் படங்களையும் போடுங்கள். கடைசிப் பக்கத்தில்.

ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுவிடுகிறேன். அந்தப் பத்து நாள் முடிந்துவிட்டது. கதவில் ஒட்டிய தாளை எடுத்தாயிற்றா என்று எனக்குத் தெரியாது. போன் இன்னும் எடுக்கப்படவில்லை. வருகிற வியாழன் எனக்கு வகுப்பில்லை. ஏழு மணி பஸ்ஸில் ஏறலாமா?

இப்படிக்கு,
பகுதி நேர ஆய்வாளர் ஒருத்தி,
குடியாத்தம்