'அதிநுகர்வு' என்றால் வீணடிப்பு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிலத்தடி நீர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், எங்கள் குறுவட்டம் (பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) அரசின் நிலத்தடி நீர்க் கணக்கில் 'அதிநுகர்வு' வகையில் இருப்பதாக எழுதி, 'அதாவது தண்ணீரைக் கண்டபடி செலவழிக்கும் பகுதி' என்று விளக்கமும் கொடுத்திருந்தீர்கள். அந்த விளக்கம் தவறு. மூன்று ஏக்கருக்கும் சொட்டுநீர் போட்டு, சொட்டுச் சொட்டாகப் பார்த்துப் பாய்ச்சுகிறவனுக்கு அதைப் படிக்க மனம் வலித்தது.

ஓர் ஆண்டில் மண்ணுக்குள் இறங்கும் நீரில் நாம் எடுக்கத்தக்க அளவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எடுத்தால் அதிநுகர்வு. 90-க்கு மேல் 100 வரை அபாயகரம். 70-க்கு மேல் 90 வரை மித அபாயகரம். அதற்குக் கீழே பாதுகாப்பு. மழைநீர் நன்றாக இறங்கும் மணற்பாங்கான ஊரில் நூறு மோட்டார் ஓடினாலும் 70-ஐத் தொடாமல் இருக்கலாம். எங்களுடையது பாறைக்காடு. பத்து மோட்டார் ஓடினாலே எல்லை தாண்டிவிடும்.

சொல்லும் குழப்புகிறது. நுகர்வு என்றதும் கடையும் நுகர்வோர் நீதிமன்றமும்தான் நினைவுக்கு வருகின்றன. கிணற்றில் யாரும் நுகர்வதில்லை, இறைக்கிறோம். "ஊறுறதுக்கு மேல இறைச்சுப்புட்டோம்" என்பதுதான் எங்கள் ஊர்ப் பேச்சு.

அப்பா காலத்தில் 55 அடிக் கிணறு, கமலை இறைப்பு. தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று விடியற்காலையில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார். மாடு களைத்தால் இறைப்பு நிற்கும்; ராத்திரிக்குள் கிணறு ஊறிவிடும். 'இறைத்த கிணறு ஊறும்' என்ற பழமொழி அந்த மாட்டை நம்பிச் சொன்னது. மோட்டாருக்குக் களைப்பு ஏது? இன்று அந்தக் கிணற்றுக்குள் வேலிக்கருவேலம் முளைத்து நிற்கிறது. பக்கத்தில் நான் போட்ட 700 அடி போர், இருபது நிமிடம் தண்ணீர் தள்ளிவிட்டு வெறும் காற்றைக் கக்குகிறது. எங்கள் கையிலும் தப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது என்ன தப்பு என்று சரியாகச் சொல்லுங்கள்.

அரசு ஆணையில் உள்ள சொல்லை நீங்கள் மாற்ற முடியாது. அடுத்த முறை அதன் பக்கத்திலேயே 'ஊறுவதற்கு மேல் இறைக்கும் பகுதி' என்று போடுங்கள். எங்கள் ஊர் டீக்கடையில் உங்கள் இதழை ஒருவர் வாய்விட்டுப் படிக்க, பத்துப் பேர் கேட்கிறார்கள். அவர்களுக்கு அது போதும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
நாமக்கல் மாவட்டம்