காங்கோவுக்கு யார், எதற்குக் கொடுத்தார்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இதழில் காங்கோ ஜனநாயகக் குடியரசைப் பற்றி வெளியான கட்டுரையில், ‘உலக நாடுகள் அள்ளிக் கொடுத்தும் உருப்படத் தெரியாத தேசம்’ என்றொரு வரி இருந்தது. அந்நாட்டின் கொல்வேசி நகரில் மின்பொறியாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றி, அவர்கள் உப்பைத் தின்றவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டு வாய்மூடி இருக்க என்னால் இயலவில்லை.

காங்கோ ஆற்றின் இங்கா அணைகளிலிருந்து கொல்வேசி வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் செல்லும் உயர் அழுத்த மின்பாதை, 1980-களின் தொடக்கத்தில் அயல்நாட்டுக் கடனில் கட்டி முடிக்கப்பட்டது என்பது தாங்கள் அறியாததல்ல. செம்புச் சுரங்கங்களுக்காகவே போடப்பட்ட பாதை அது. அதில் ஓடும் நேர்திசை மின்சாரத்தை இடைவழியில் எடுக்கப் பெருஞ்செலவில் தனி நிலையம் அமைக்க வேண்டும் என்பதால், வழியிலுள்ள சிற்றூர்கள் இருளிலேயே விடப்பட்டன. அந்தக் கோபுரங்களின் நிழலில் பெண்கள் உரலில் மரவள்ளி இடிப்பதையும், ஆண்கள் கரிமூட்டைகளை மிதிவண்டியில் அடுக்கிக் கட்டி, ஏறி உட்கார இடமின்றி, செம்மண் மேட்டில் மூச்சிரைக்கத் தள்ளிச் செல்வதையும் கண்ணாரக் கண்டவன் நான். அந்த மக்களின் தலைக்கு மேலே போகும் மின்சாரத்துக்கான கடனும் அவர்கள் பெயரில்தான் எழுதப்பட்டது.

அந்நாட்டை அப்போது ஆண்ட சர்வாதிகாரி மொபுட்டுவுக்குக் கடன் கொடுத்தவர்கள் ஏமாந்தும் கொடுக்கவில்லை. பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) அந்நாட்டு மத்திய வங்கிக்கு அனுப்பிய ஜெர்மானியர் எர்வின் புளூமெந்தால், அங்கு நடந்த கொள்ளையை விவரித்து, கொடுத்த பணம் திரும்ப வழியில்லை என்று 1982-லேயே அறிக்கை எழுதினார். அதன் பிறகும் கடன் தொடர்ந்தது. பனிப்போர்க் காலத்தில் மொபுட்டு கடன் கொடுத்த மேலை நாடுகளுக்கு வேண்டியவராக இருந்தார். 1997-ல் அவர் நாட்டை விட்டு ஓடினார், கடன் மக்கள் தலையில் விடிந்தது. 2010-ல் 1,200 கோடி டாலருக்கு மேல் தள்ளுபடி செய்யப்பட்டபோது, அதைக் கொடையாளர்களின் கருணை என்று தங்கள் இதழ் போற்றியது இன்றும் என் மனதில் உறுத்துகிறது.

சீனா மட்டும் என்ன செய்தது? 2008-ல் செம்பும் கோபால்ட்டும் உள்ள சுரங்கத்துக்கு ஈடாகச் சாலைகளும் மருத்துவமனைகளும் கட்டித்தர ஒப்பந்தம் போட்டது. பேசிய 300 கோடி டாலர் கட்டுமானத்தில் சுமார் 82 கோடிதான் செலவாகியிருந்தது என்று காங்கோ அரசின் நிதிக் கண்காணிப்பு அமைப்பே 2023-ல் கூறியது. நம் இந்தியக் கடனில் தொடங்கிய கசாய்ப் பகுதியின் கட்டெண்டே நீர்மின் திட்டமும் ஆண்டுக்கணக்கில் பாதியில் கிடந்தது. இவற்றில் ஒன்றைக்கூடக் கட்டுரை தொடவில்லை. ஆப்பிரிக்கா என்றாலே ‘இருண்ட கண்டம்’ என்று தலைப்பிடும் வழக்கத்தைக் கைவிடுமாறு முன்பும் எழுதினேன், அக்கடிதம் பிரசுரமாகவில்லை.

இக்கடிதத்தை முழுமையாக வெளியிட இடமில்லையெனில், ஒன்றை மட்டும் செய்யுங்கள். அக்கட்டுரையோடு, தாதுக்கல் மூட்டையைச் சுமக்கும் சிறுவனின் படத்தைக் கால் பக்கத்துக்கு அச்சிட்டு, கீழே ‘ஆப்பிரிக்கா’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அது எந்த ஊர், எந்த ஆண்டு எடுத்த படம் என்பதை அடுத்த இதழில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மின்பொறியாளர்,
திருச்சிராப்பள்ளி.