பவானி ஸ்டிக்கர் ஒட்டினால் பவானி ஜமக்காளமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏதாவது ஒரு பொருளுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊரில் செய்வதுதான் அசல் என்கிற அரசுப் பதிவு, கிடைத்தால் போதும், நம் பத்திரிகைகளில் படத்தோடு செய்தி வந்துவிடுகிறது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் கிடைத்தபோது நானும் அந்தச் செய்தியை நாலு பேருக்கு அனுப்பியவன்தான். ஆனால் குறியீடு வாங்கிய பிறகு அந்தப் பொருளுக்கு என்ன ஆனது என்று யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை.

போன தை மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்கு இரண்டு பெரிய ஜமக்காளம் வாங்கினோம். "பவானி ஐட்டம்ங்க, கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர், மூலையில் பவானி என்று ஸ்டிக்கரும் இருந்தது. ஒரே ஒரு சலவைதான், சிவப்புச் சாயம் பச்சைப் பட்டைக்குள் இறங்கி, ஓரம் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது. அம்மா சீராகக் கொண்டுவந்த ஜமக்காளம் இன்றைக்கும் எங்கள் வீட்டில் இருக்கிறது, மடித்துத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், பட்டை மங்கியிருக்கிறதே தவிர ஓரம் அப்படியே நேராக நிற்கிறது. கடையில் போய்க் கேட்டால், மொத்த வியாபாரி ஒட்டி அனுப்பினதுங்க, எங்களுக்கு என்ன தெரியும் என்கிறார்கள்.

சரி என்று பவானியில் தெரிந்த நெசவாளர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவர் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை, முனையை இரண்டு விரலால் நெருடிவிட்டு, "இது கைத்தறி இல்லீங்க, விசைத்தறி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் நெய்துகொண்டிருந்ததைத் தொட்டுப் பார்த்தேன், நூலே அவ்வளவு தடிமன். உங்களுக்குத்தான் குறியீடு இருக்கிறதே என்றேன். "அதெல்லாம் சங்கத்துக்குத்தானே வாங்கியிருக்காங்க" என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அதுதான். பவானி ஜமக்காளத்துக்குக் குறியீடு வந்தது 2005-06இல், டார்ஜிலிங் தேயிலை நாட்டிலேயே முதலாவதாகப் பதிவான கொஞ்ச காலத்திலேயே. இத்தனை வருடம் கழித்தும் தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தன்னுடையது என்று தெரியவில்லை. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குறியீடு என்பது ஒரு கம்பெனியின் டிரேட்மார்க் மாதிரி கிடையாது, யாருக்கும் விற்கவும் முடியாது, எழுதிக் கொடுக்கவும் முடியாது. அந்த ஊரில் அந்த முறைப்படி செய்கிற எவரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தன் பெயரைப் பதிந்துகொள்ளலாம், பதிந்தவர் போலி விற்பவன்மீது வழக்கும் போடலாம். அதற்கான விண்ணப்பக் கட்டணத்தை 2020இல் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். குறியீட்டுப் பதிவகமும் டெல்லியில் இல்லை, சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆதாரங்களைத் திரட்டி, படிவம் நிரப்பி அனுப்பு என்று ஒரு நெசவாளரிடம் சொல்வது எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

தண்டனை என்று பார்த்தால் சட்டம் கடுமையானதுதான். பொய்யாகக் குறியீட்டைப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆனால் கடையில் புகுந்து சோதனை போட டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், அவரும் முதலில் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அந்தக் கடிதம் போய்த் திரும்பி வருவதற்குள் சரக்கு விற்றுத் தீர்ந்துவிடாதா? இத்தனைக்கும் கைத்தறிக்கு மட்டும் என்று 1985ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் உண்டு. இரண்டு சட்டம் இருந்தும் அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிறவனுக்குப் பயம் இல்லை.

கைத்தறித் துறை பவானியில் தெருத்தெருவாக முகாம் போட்டு, படிவத்தை அவர்களே நிரப்பி, நெசவாளர்களைப் பயனாளராகப் பதிந்து தர வேண்டும். அப்புறம் பயனாளரின் பதிவு எண் இல்லாமல் பவானி என்ற பெயரை ஒட்டி எந்தக் கடையும் விற்கக்கூடாது என்று கறாராகச் சொல்ல வேண்டும், அப்போதுதான் என்னைப் போல நூலை நெருடிப் பார்க்கத் தெரியாதவர்கள் ஏமாற மாட்டார்கள். நீங்களும் அடுத்த குறியீட்டுச் செய்தி போடும்போது, பழைய குறியீடுகளில் எத்தனை பேர் பயனாளராகப் பதிந்திருக்கிறார்கள் என்று கூடவே ஒரு வரி கேட்டுப் போடுங்கள்.

அந்த இரண்டு ஜமக்காளமும் ஸ்டிக்கரோடு வீட்டில்தான் கிடக்கின்றன. எந்த அதிகாரியாவது பார்க்க வேண்டும் என்றால் பில்லோடு கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிச்செட்டிபாளையம்