கடலோர வீட்டைக் கைவிடாதவர்களுக்கு

தரங்கம்பாடி ஊராருக்கும் வேலையில் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

தாத்தா வீட்டின் கதவு நேற்று மாலை மறுபடி திறந்தது. 2004 டிசம்பரில் சுனாமி வந்து போனபிறகு அங்கே யாரும் குடியிருக்கவில்லை. நடுவில் ஒருமுறை, சுவர் உறுதியாக இருக்கட்டும் என்று நாங்களே வெளிப்புறம் முழுக்கச் சிமெண்ட் பூசிவைத்தோம். அதுதான் வினையானது. உள்ளே ஏறிய ஈரமும் உப்பும் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லை மாவாக உதிர்த்துவிட்டன. சரி, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற முடிவோடுதான் ஊருக்கு வந்தேன்.

மேஸ்திரி ஐயா, நீங்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கோட்டைப் பக்கம் கையைக் காட்டினீர்கள். "1620-ல டேனிஷ்காரன் கட்டுனது, சுண்ணாம்புலதான் நிக்குது. சிமெண்டைக் கொத்தி எடுங்க தம்பி, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். கொத்தி எடுத்தபிறகும் ஒரு கோடை முழுக்கப் பூச்சு வேலையைத் தொடவிடவில்லை. சுவர் காயட்டும் என்று காத்திருந்த அந்தப் பொறுமைக்கு என்ன கைம்மாறு செய்வேன்?

கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் காரை அரைத்த அக்காமார்களே, சுண்ணாம்பில் வெந்த கைகளில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் வந்தீர்கள். மொட்டைமாடித் தளத்தில் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடித்து இறுக்கினீர்களே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஆசாரி அண்ணன் உத்தரங்களை மாற்றவில்லை. உளுத்த முனையை மட்டும் அறுத்துவிட்டுப் பழைய தேக்கையே ஒட்டுப்போட்டார். வரைபடம் போட்ட தங்கை, கழிப்பறைகளைக் கொல்லைப்பக்கம் தனியாக வைத்தாள். ஒயருக்காகக்கூடச் சுவரை வெட்டவிடவில்லை. ஊரில் கோல்ட்ஸ்மித் தெரு வீடுகளை பழங்காலக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு சீராக்கியிருப்பதைக் காட்டி, பயந்த எங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைத்ததும் அவள்தான்.

அப்புறம், மீனவச் சொந்தங்களே. பூட்டிக் கிடந்த இத்தனை வருடமும் தேக்குக் கதவுகளை ஒருவரும் கழற்றிப் போகாமல் காத்தது நீங்கள். முன்கட்டு இனி உங்கள் பிள்ளைகள் மாலையில் உட்கார்ந்து படிக்கும் இடம். மாடியறை இரண்டையும் வாடகைக்கு விட்டுப் பராமரிப்புச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம். திண்ணை எப்போதும்போல வலை பின்ன உங்களுக்குத்தான்.

மேஸ்திரி ஐயா, கிழக்குச் சுவரில் இன்னும் கொஞ்சம் உப்புப் பூக்கிறது. நீங்கள் சொன்னபடி தண்ணீர் ஊற்றாமல், காய்ந்த துடைப்பத்தால்தான் தட்டிவிடுகிறேன்.